பழைய காரின் பெட்ரோல் பம்ப்: கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

கல்லாறு தாண்டி குன்னூர் ஏற்றத்தில் அம்பாசிடர் திணறி நின்றால், "பம்ப் போயிருச்சுங்க, மாத்திரலாம்" என்பதுதான் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில். பம்ப்பையும் மாற்றுவார்கள். அடுத்த ஞாயிறு அதே ஏற்றத்தில் வண்டி மறுபடி நிற்கும். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கும், அல்லது டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒரு ஹோஸ் வெடித்திருக்கும். பழைய கார்களிலிருந்து கழற்றி எறியப்படும் பம்ப்களில் நல்லவை நிறைய. பம்ப்பை அளந்து பார்க்காமல் கழற்ற வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

1489 சிசி பெட்ரோல் அம்பாசிடர், 1089 சிசி பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் போல, இன்ஜின் பக்கவாட்டில் மெக்கானிக்கல் பம்ப் பூட்டிய கார்புரேட்டர் வண்டிகளுக்கு இது பொருந்தும். மோரிஸ் மைனரின் எஸ்யூ கம்பெனி எலெக்ட்ரிக் பம்ப்புக்குக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறோம். எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் முறை, வந்த வண்டிகளின் பம்ப் முற்றிலும் வேறு. இதில் உள்ள எந்த அளவும் அதற்குச் செல்லாது.

பம்ப் உள்ளே நடப்பது

கேம் ஷாஃப்ட்டில் எக்சென்ட்ரிக் என்ற, மையம் விலகிய ஒரு வட்டு உண்டு. அது சுற்றும்போது பம்ப்பின் ஆர்மைத் தள்ளும்; ஆர்ம் டயாபிரத்தை, அதாவது உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வை, கீழே இழுக்கும். அப்போது இன்லெட் வால்வு திறந்து டேங்க்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வரும். டயாபிரத்தை மீண்டும் மேலே தள்ளி, பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு அனுப்புவது அடியில் உள்ள ஸ்பிரிங். ஆகவே டெலிவரி பிரஷரைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்தான். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் சேம்பர் நிறைந்து, அதன் வாயில் உள்ள நீடில் வால்வு மூடிவிட்டால் டயாபிரம் கீழேயே நிற்கும், ஆர்ம் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். பிரஷர் குறைவாக இருக்கிறது என்று வேறு வண்டியின் கனமான ஸ்பிரிங்கைப் போட்டால் நீடில் வால்வு தாங்காது. கார்புரேட்டர் வழிந்து பெட்ரோல் நாறும்.

கொங்குப் பக்கம் கிணற்று மோட்டார் ஓட்டியவர்களுக்கு இதன் குணம் நன்றாகத் தெரியும். ஃபுட் வால்வு கசிந்தாலோ சக்‌ஷன் பைப்பில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலோ மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. கார் பம்ப்பும் அப்படியே. டெலிவரி பக்கம் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் சொட்டிக் காட்டிக்கொடுக்கும். சக்‌ஷன் பக்கம் விழுந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது, காற்றை மட்டும் இழுக்கும். அதனால்தான் இந்த ஓட்டைகள் மாதக்கணக்கில் அகப்படாமல் ஏய்க்கின்றன.

கை வைக்கும் முன்

பெட்ரோல் பைப்பைக் கழற்றும் முன் பேட்டரியின் எர்த் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டிய சோதனைக்கு மட்டும் திரும்பப் போட்டால் போதும். பட்டறையில் பக்கத்தில் வெல்டிங் நடந்தால் வண்டியை வெளியே தள்ளிக் கொண்டுபோய்ப் பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு ஊர்ந்து தீப்பொறி இருக்கும் இடம் வரை போகும். ஏபிசி பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். சிறிது பெட்ரோல் நுரையீரலுக்குள் போனாலே ஆஸ்பத்திரிதான். கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிச் செல்ஃப் அடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். பேக்ஃபயர் ஒன்று வந்தால் ஊற்றும் கையில்தான் முதலில் தீப்பிடிக்கும்.

கரண்ட்டா, பெட்ரோலா?

ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்விட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் கோளாறு. முதலில் இழுவை குறைந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் திணறி, கார்புரேட்டர் வழியாகத் தும்மி, பிறகு நின்றால் பெட்ரோல் போதவில்லை. சந்தேகம் இருந்தால், வண்டி நின்ற அந்த நிமிடமே ஒரு ப்ளக்கைக் கழற்றி எர்த்தில் வைத்துச் செல்ஃப் அடித்துக் கரண்ட் பாருங்கள். கழற்றிய ஓட்டையிலிருந்து ப்ளக்கைத் தள்ளி வையுங்கள். வண்டி ஆறிய பிறகு பார்ப்பதில் பயனில்லை. சூடானால் விட்டுவிடும் இக்னிஷன் காயில், ஆறினால் நல்ல பிள்ளையாகிவிடும். அந்தக் காயிலின் குற்றத்துக்குத் தண்டனை வாங்கிய பம்ப்கள் ஏராளம்.

கரண்ட் நீலமாக, பளிச்சென்று வந்தால் அடுத்து பெட்ரோல்.

டேங்க்கிலிருந்து முன்னோக்கி

பார்க்க வேண்டிய வரிசை இது. செலவில்லாததும் எளிதானதும் முதலில்.

1. டேங்க் மூடி. வண்டி திணறும்போதே நிறுத்தி மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போய், அதன்பின் வண்டி ஓடினால் கோளாறு அங்கேதான். மூடியின் காற்றுத்துளையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். காணாமல் போன மூடிக்குப் பதிலாக ஏதோ ஒரு வண்டியின் மூடியைப் போட்டிருந்தால் அதில் துளையே இருக்காது.

2. டேங்க்குக்குள் இருக்கும் வலை. தோட்டத்துச் சாளையில் மாதக்கணக்கில் மூடி வைத்து, முகூர்த்தத்துக்கு மட்டும் எடுக்கும் வண்டிகளில் இது பெரிய தொல்லை. அடியில் துருவும் பழைய பெட்ரோலின் பிசினும் சேர்ந்து வலையை மூடிவிடும். பம்ப்பின் இன்லெட் பைப்பைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, கால் பம்ப்பால் பைப் வழியாகப் பின்னோக்கிக் காற்று அடியுங்கள். டேங்க்கில் குமிழி விடும் சத்தம் தடையில்லாமல் கேட்க வேண்டும். பைப் பம்ப்போடு இணைந்திருக்கும்போது கம்ப்ரஸர் காற்றை அடித்தால் டயாபிரம் கிழிந்துவிடும். அடித்த பிறகு இரண்டு நாள் நன்றாக ஓடி மறுபடி நின்றால், டேங்க்கை இறக்கிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை.

3. ரப்பர் ஹோஸ்கள். டேங்க் முனையில் ஒன்று, பம்ப் முனையில் ஒன்று இருக்கும். கையால் மடக்கிப் பாருங்கள். மேல்தோலில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். உள்தோல் உரிந்து நாக்குபோல் தொங்கும் ஹோஸ், பெட்ரோலை இழுக்கும்போது மட்டும் தானே அடைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் புத்தம் புதிதாகத் தெரியும். சாளையில் நிற்கும் வண்டியென்றால் எலி கடித்த தடத்தையும் தேடுங்கள்.

4. இரும்பு பைப். அடியில் கல் பட்டு நசுங்கிய இடம், கிளிப் உராய்ந்து தேய்ந்த இடம், பைப்பின் விரிந்த முனையைப் பிடிக்கும் ஃப்ளேர் நட்டு இவற்றைப் பாருங்கள். ஃப்ளேர் ஜாயின்ட்டில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் பிசிறு போய் நிற்கும் இடம் நீடில் வால்வு.

5. ஃபில்டர். பம்ப்புக்கு முன்னால் கொஞ்சம் பெரிய கண் உள்ள வலை ஃபில்டர், பம்ப்புக்குப் பின்னால் பேப்பர் ஃபில்டர் என்பதே எங்கள் பரிந்துரை. நெருக்கமான பேப்பர் ஃபில்டரைச் சக்‌ஷன் பக்கம் போட்டால், பாதி அடைத்ததும் பம்ப்பால் இழுக்க முடியாது. ஹெரால்டில் உள்ளதுபோல் பம்ப்பின் தலையில் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் அதன் கார்க் வளையத்தைப் பாருங்கள். காய்ந்துபோன கார்க்தான் காற்று இழுப்பதற்கு முதல் காரணம்.

பம்ப்பை அளந்து பார்ப்பது

கார்புரேட்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றி, ஒரு ஹோஸ் மாட்டி, அளவுக் கோடு போட்ட பாட்டிலுக்குள் விடுங்கள். காயிலின் சின்ன வயரைக் கழற்றிவிட்டு 15 விநாடி செல்ஃப் அடியுங்கள். இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. ஆகவே இரண்டு சுற்றுக்கு ஒரு பீய்ச்சல் வர வேண்டும். விட்டு விட்டு, பலமாகப் பீய்ச்சினால் பம்ப் நன்றாக இருக்கிறது. ஒழுகினாலோ நுரைத்தாலோ கோளாறு.

அடுத்து, காயில் வயரைத் திரும்ப மாட்டி, ஃப்ளோட் சேம்பரில் மிச்சமுள்ள பெட்ரோலிலேயே இன்ஜினை ஐடிலில் விட்டு 30 விநாடி பிடியுங்கள். கால் லிட்டர் வந்தால் திருப்தி. தேவை எவ்வளவு என்று கணக்குப் போடலாம்: 80 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி மணிக்கு 8 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 133 மில்லி குடிக்கிறது. ஐடிலில் நிமிடத்துக்கு அரை லிட்டர் தரும் பம்ப் ஏற்றத்திலும் கைவிடாது. அந்த 30 விநாடியில் 200 மில்லிக்குக் கீழே போனால் பம்ப்போ அதற்கு முன்னால் உள்ள பாதையோ சரியில்லை.

எது என்று பிரித்துச் சொல்ல ஒரே வழி: பம்ப்பின் இன்லெட்டிலிருந்து தனி ஹோஸ் போட்டு, கீழே வைத்த கேனிலிருந்து பெட்ரோலை எடுக்கச் செய்யுங்கள். கேனிலிருந்து நன்றாக வந்து, டேங்க்கிலிருந்து வரவில்லையென்றால் பம்ப்பைத் தொடாதீர்கள். இதைவிடப் பணம் மிச்சப்படுத்தும் சோதனை வேறு இல்லை. டெலிவரி ஹோஸின் முனையைப் பாட்டிலில் உள்ள பெட்ரோலுக்குள் முக்கிப் பிடித்தும் பாருங்கள். தொடக்கத்தில் சில குமிழி வரும். தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் சக்‌ஷனில் காற்று இழுக்கிறது.

கேஜ் இருந்தால் இன்னும் உறுதி. 0 முதல் 10 பிஎஸ்ஐ காட்டும் சின்ன கேஜை டெலிவரியில் மாட்டுங்கள். இந்த வகை பம்ப்களில் 1.5 முதல் 3 பிஎஸ்ஐ வரை இருக்க வேண்டும். சரியான எண்ணை உங்கள் வண்டியின் மேனுவலில் பாருங்கள். இன்ஜினை நிறுத்தியதும் முள் உடனே பூஜ்யத்துக்கு விழுந்தால் அவுட்லெட் வால்வு கசிகிறது. காலையில் பத்துப் பன்னிரண்டு முறை செல்ஃப் அடித்தால்தான் வண்டி எடுக்கிறது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பம்ப்பின் உடம்பில், டயாபிரத்துக்குக் கீழே, ஒரு சிறு கசிவுத் துளை இருக்கும். அதில் பெட்ரோல் சொட்டினால் டயாபிரம் கிழிந்துவிட்டது. இன்ஜின் ஆயில் சொட்டினால் பம்ப்பின் ஆயில் சீல் போய்விட்டது. துளை அடைத்துக்கொண்டிருந்தால் பெட்ரோல் ஆர்ம் வழியாக, இன்ஜின் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, அளவும் ஏறியிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. நீர்த்துப்போன ஆயிலில் மெயின் பேரிங் தேய்ந்தால் பம்ப் விலையைப்போல் பல மடங்கு செலவு. பம்ப்பைச் சரிசெய்து, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் சாவி போட வேண்டும்.

சூட்டில் மட்டும் நிற்கும் வண்டி

ஈரோடு, கரூர் வெயிலில் சித்திரை மாதம் ஓடி, டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்தி, திரும்ப எடுத்தால் வண்டி எடுக்காது. அரைமணி கழித்து எடுக்கும். இது வேப்பர் லாக், அதாவது பெட்ரோல் ஆவியாகிப் பாதையை அடைத்துக்கொள்வது. பெட்ரோலின் லேசான பகுதி 35 முதல் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். சக்‌ஷன் பைப்பில் பிரஷர் குறைவு என்பதால் அங்கே இன்னும் சீக்கிரம் கொதிக்கும். இன்ஜினை நிறுத்தியதும் ஃபேன் காற்றும் நின்று, பிளாக்கின் சூடு முழுவதும் பம்ப்புக்கு ஏறும். அதனால்தான் ஓடும்போது வராத தொல்லை நிறுத்தி எடுக்கும்போது வருகிறது.

மலைப்பாதையில் இது இரட்டிப்பு. பண்ணாரியிலிருந்து திம்பம் 27 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறை 40. முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்து போகும்போது இன்ஜின் சூடு உச்சத்தில், காற்றோட்டம் அடிமட்டத்தில். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தமும் குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். கொதிநிலையும் அதற்கேற்ப இறங்கும்.

சந்தேகமானால் பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றித் தண்ணீர் விடுங்கள். ஐந்து நிமிடத்தில் வண்டி எடுத்தால் வேப்பர் லாக்தான். சைலன்சர் மேனிஃபோல்டிலும் கண்ணாடிக் கிண்ணத்திலும் குளிர்ந்த தண்ணீர் படக்கூடாது, விரிசல் விடும்.

ஈரத்துணி வீடு வந்து சேரத்தான். நிரந்தரத் தீர்வுக்குப் பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே கம்பெனி வைத்த ஃபைபர் ஸ்பேசர் இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது கழற்றி எறிந்துவிட்டு வெறும் பேப்பர் பேக்கிங் போட்டிருப்பார்கள். பெட்ரோல் பைப்பை மேனிஃபோல்டிலிருந்து நகர்த்தி, இடையில் ஒரு அலுமினியத் தகட்டை மறைப்பாக வையுங்கள். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தால் மேனிஃபோல்ட் அளவுக்கு மீறிச் சூடாகும்; அதையும் சரிபாருங்கள்.

இ20 பெட்ரோல்

2023 முதல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி, இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. 1960, 70களின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. பழைய டயாபிரமும் ஹோஸும் ஊறி உப்பும். வண்டி நின்று காயும்போது சுருங்கி விறைக்கும். மாறி மாறி இப்படி நடந்து மடிப்பில் வெடிக்கும். டேங்க்கில் ஒட்டியிருந்த பழைய பிசினையும் எத்தனால் கரைத்து வலைக்கும் ஃபில்டருக்கும் அனுப்பும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி, அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் முதலில் இழுப்பது அந்த அடித்தண்ணீரைத்தான்.

ஆகவே டயாபிரம் கிட் வாங்கும்போது எஃப்கேஎம், அதாவது விட்டான் வகையா என்று கேட்டு வாங்குங்கள். ஹோஸில் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். பேக்கிங்குக்குச் செல்லாக் பூசும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. செல்லாக் ஆல்கஹாலில் கரையும், எனவே இ20 படும் இடத்தில் கூடாது. சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டும் பெட்ரோலில் ஊறி உரிந்துவிடும். இரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்க்கைக் காலி செய்து, ஃப்ளோட் சேம்பரையும் வற்றவிட்டு நிறுத்துங்கள்.

பம்ப்பைப் பிரித்துக் கட்டுதல்

ஸ்க்ரூ போட்ட பம்ப்பைத்தான் பிரிக்க முடியும். விளிம்பை மடித்து சீல் செய்த பம்ப் கெட்டால் முழுதாக மாற்ற வேண்டியதுதான்.

கழற்றும் முன் மேல்பாகத்திலிருந்து கீழ்பாகம் வரை ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். கட்டும்போது இன்லெட் அவுட்லெட் திசை மாறாது. ஸ்க்ரூக்களைக் குறுக்கு மறுக்காகத் தளர்த்தி மேல்பாகத்தை எடுங்கள். அம்பாசிடர், ஹெரால்ட் வகை ஏசி (AC) கம்பெனி பம்ப்பில் டயாபிரத்தை அழுத்தி 90 டிகிரி திருப்பினால் அதன் தண்டு ஆர்மின் கொக்கியிலிருந்து விடுபடும். அடியில் ஸ்பிரிங் துள்ளும், கவனம். பழைய டயாபிரத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்து, விரலால் இழுத்துப் பாருங்கள். நடுத் தகட்டின் விளிம்பைச் சுற்றித்தான் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரியும்.

ஃப்ளேஞ்ச், அதாவது இரண்டு பாகமும் சேரும் விளிம்பு, வளைந்திருப்பது பலர் கவனிக்காத கோளாறு. யாரோ ஒரு காலத்தில் ஸ்க்ரூவை அசுரத்தனமாக முடுக்கியிருப்பார்கள். ஓட்டைகளைச் சுற்றி உலோகம் மேடாகியிருக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் 400 நம்பர் எமரி ஷீட்டை விரித்து, ஃப்ளேஞ்சைக் கவிழ்த்து எட்டு வடிவில் தேயுங்கள். முதலில் ஓட்டையோரம் மட்டும் பளபளக்கும், இடையில் கறுப்பாகவே இருக்கும். வளையம் முழுவதும் ஒரே சீராகப் பளபளக்கும் வரை விடாதீர்கள்.

வால்வுகள் இரண்டும் ஒரே பொருள், எதிரெதிர்த் திசையில் உட்கார்ந்திருக்கும். மாற்றினால் எது எப்படி இருந்தது என்று முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்மின் பின் தேய்ந்து ஆடினால் அசைவில் ஒரு பகுதி அந்த ஆட்டத்திலேயே போய்விடும், டயாபிரம் முழுதாக இறங்காது. கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் எந்த லேத் பட்டறையிலும் சரியான அளவில் பின் கடைந்து தருவார்கள்.

கட்டும்போது தவறக்கூடாத ஒன்று: ஸ்க்ரூக்களை முதலில் லேசாகப் பிடிக்கவிட்டு, ஆர்மை முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, டயாபிரம் கீழே இழுபட்ட நிலையில்தான் கடைசி முடுக்கு முடுக்க வேண்டும். அப்போதுதான் ரப்பரில் வேண்டிய தளர்வு கிடைக்கும். மேலே நிற்கும்போது முடுக்கினால் ஒவ்வொரு அசைவிலும் விளிம்பு இழுபட்டுச் சில மாதத்தில் கிழியும். புதுக் கிட் போட்டும் நிலைக்கவில்லை என்ற புகார்கள் பெரும்பாலும் இங்கே தொடங்குகின்றன.

பூட்டும் முன் கையிலேயே சோதியுங்கள். இன்லெட்டை விரலால் அடைத்து ஆர்மை மூன்று நான்கு முறை அழுத்துங்கள்; விரலை எடுக்கும்போது உறிஞ்சும் சத்தம் கேட்க வேண்டும். அவுட்லெட்டை அடைத்து அழுத்தினால் காற்று சில விநாடி நிற்க வேண்டும்.

பிளாக்கில் பூட்டும்போது ஸ்பேசரும் பேக்கிங்கும் சேர்ந்து பழைய கனமே இருக்கட்டும். கழற்றியதும் வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கனம் கூடினால் ஆர்மின் அசைவு குறைந்து டெலிவரி குறையும். குறைந்தால் ஆர்ம் அளவுக்கு மீறித் தள்ளப்பட்டு உடையும். ஆர்ம் எக்சென்ட்ரிக்கின் சரியான பக்கத்தில் உட்கார்ந்ததா என்று கையால் அழுத்தி உணர்ந்த பிறகு இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி முடுக்குங்கள். கை லிவரை ஆட்டிப் பெட்ரோல் ஏற்றும்போது லிவரில் பிடிப்பே இல்லையென்றால் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கேம் உச்சியில் நிற்கிறது. ஹேண்டில் போட்டு இன்ஜினை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் பிடிப்பு வந்துவிடும்.

மோரிஸ் மைனரின் எஸ்யூ பம்ப்

சாவி போட்டதும் டிக் டிக் என்று அடித்து, ஃப்ளோட் சேம்பர் நிறைந்ததும் நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் டெர்மினலில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாயின்ட்டைச் சுத்தம் செய்யுங்கள். நிற்காமல் வேகமாக அடித்தால் காற்று இழுக்கிறது அல்லது டேங்க் காலி. இன்ஜின் ஓடாதபோது சில விநாடிக்கு ஒருமுறை அடித்தால் வால்வோ கார்புரேட்டரின் நீடிலோ கசிகிறது. இந்த வண்டிகள் பாசிட்டிவ் எர்த்தாக, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்ததாக வந்தவை; எலெக்ட்ரானிக் வகை மாற்று பம்ப் வாங்கினால் உங்கள் வண்டி இப்போது எந்த எர்த்தில் இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

எலெக்ட்ரிக் பம்ப்புக்கு மாறலாமா?

அடிக்கடி மலை ஏறும் வண்டிக்கு மாறலாம். வேப்பர் லாக்குக்கு அது நல்ல மருந்து. டேங்க் பக்கத்தில், அடிமட்டத்துக்கு அருகில் பூட்டினால் பைப் முழுவதும் பிரஷரில் இருக்கும், பெட்ரோல் எளிதில் கொதிக்காது. 1.5 முதல் 3 பிஎஸ்ஐ தரும் கார்புரேட்டர் வகை பம்ப்பை மட்டுமே வாங்குங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப் 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும். நீடில் வால்வு அதன் முன் நிற்காது.

மெக்கானிக்கல் பம்ப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைத் தகடும் பேக்கிங்கும் போட்டு அடையுங்கள். இரண்டையும் வரிசையாக வைத்தால், டயாபிரம் கிழிந்த அன்று எலெக்ட்ரிக் பம்ப் டேங்க்கில் உள்ள பெட்ரோலைச் சம்ப்புக்குள் தள்ளிவிடும். வயரிங்கில் ரிலேயும் ஃபியூஸும் வேண்டும். ரிலேயை ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக எடுத்தால் விபத்தில் இன்ஜின் நின்றதும் பம்ப்பும் நிற்கும். ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் பிரஷர் இருக்காது என்பதால், செல்ஃப் அடிக்கும் நேரத்துக்கு மட்டும் ஸ்டார்ட்டர் வயரிலிருந்து தனி இணைப்பு கொடுக்க வேண்டும். சாவியிலிருந்து நேராக வயர் இழுத்துப் பூட்டித் தரும் வேலையை எந்தப் பட்டறை செய்தாலும் ஏற்காதீர்கள்.

எந்த வேலை முடிந்தாலும் இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காய்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜின் ஆறிய பிறகு பம்ப் ஸ்க்ரூக்களை ஒருமுறை சரிபார்த்து, டிப்ஸ்டிக்கை மறுபடி முகர்ந்து பாருங்கள்.